முன்தேதியிட்ட வரிக்குப் பிறகும் முதலீடு வரத்தானே செய்கிறது, அப்புறம் நம்பிக்கை எதற்கு?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 2012-ல் மத்திய அரசு முன்தேதியிட்டு, அதாவது முன்பே முடிந்துபோன விற்பனைகளுக்கும் பொருந்தும்படி, வரி போட்டபோது, இந்தியாவின் பெயர் கெட்டுவிட்டது, இனி முதலீடே வராது என்று பத்திரிகைகள் எழுதின. இன்று ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் தயாராகிறது. அப்படியானால் நம்பிக்கை, நற்பெயர் எல்லாம் சலுகை பிடுங்குவதற்கான பேச்சுதானே? கொஞ்சம் எரிச்சலோடு கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எரிச்சல்தான். ‘முதலீட்டாளர் நம்பிக்கை’ என்று சொல்லியே எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நம்பிக்கை கெட்டால் அந்த நஷ்டம் எங்கே, யார் கணக்கில் பதிவாகிறது? அதற்குத்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

நான் ஆடிட்டர். வெளிநாட்டு நிறுவனங்களின் இந்திய வரி விவகாரங்கள்தான் பல வருடங்களாக என் வேலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்த கம்பெனிகளின் ஒப்பந்தங்களைப் படித்தே கண் கெட்டது. அதனால் என் பேச்சில் கம்பெனி பக்கச் சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் வோடஃபோன், நோக்கியா, கெய்ர்ன் எதுவும் என் வாடிக்கையாளர் அல்ல. அவற்றைப் பற்றி நான் சொல்வது தீர்ப்புகளிலும் செய்திகளிலும் வெளியானதுதான்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. 2007-ல் வோடஃபோன், ஹட்சிசனின் இந்திய மொபைல் தொழிலைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கைமாறியது கேமன் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. வாங்கியவரும் விற்றவரும் வெளிநாட்டவர், விற்கப்பட்ட கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனி. ஆனால் அதற்கு மதிப்பைக் கொடுத்த டவர்களும் வாடிக்கையாளர்களும் இந்தியாவில். இங்கேதான் பலர் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். லாபம் பார்த்தது விற்ற ஹட்சிசன். வருமான வரித்துறை பிடித்தது வாங்கிய வோடஃபோனை. பணம் கொடுக்கும்போது டிடிஎஸ் (பணம் தருபவரே கழித்துக்கொண்டு அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை, ஆகவே நீ கட்டு என்றார்கள். கேட்ட தொகை 11,000 கோடி ரூபாய்க்கு மேல். 2012 ஜனவரி 20-ல் தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இருக்கிற சட்டப்படி இதற்கு வரி கிடையாது என்று தீர்ப்பளித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 16 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி சட்டத்தையே திருத்தி, அது 1962 ஏப்ரல் 1 முதல் அமலில் இருந்ததாகக் கருதப்படும் என்று எழுதினார்.

வரி கேட்டதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் உள்ள சொத்தின் மதிப்பால் வந்த லாபத்துக்கு எந்த நாட்டிலும் வரி கட்டாமல் போவதை ஓர் அரசு ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? 2012 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட விற்பனைக்கு வரி உண்டு என்று சட்டம் போட்டிருந்தால், முணுமுணுத்துவிட்டுக் கட்டியிருப்பார்கள். வரி விகிதம் கூடுதலாக இருப்பது கம்பெனிகளுக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டால் விலை அதற்கேற்ப இறங்கும், வேலை முடிந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டிய டிடிஎஸ்ஸை இன்று போட்ட சட்டத்தின்படி கேட்பார்கள் என்றால், எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது? அதுவும் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகு!

இதனால் நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதை எங்கள் வேலையிலேயே பார்க்க முடிந்தது. இந்தியத் தொடர்புள்ள எந்த விற்பனை ஒப்பந்தத்திலும் வரிக்கான உத்தரவாதப் பிரிவுகள் பக்கம் பக்கமாக நீண்டன. வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் நிறுத்தி, மூன்றாவது ஆளிடம் வைக்கச் சொல்வார். வரித்துறையின் காலக்கெடு தாண்டும்வரை அந்தப் பணம் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். வரி வந்தால் ஈடுகட்ட வெளிநாட்டில் காப்பீடு எடுப்பவர்களும் உண்டு. ஒருவருக்கு இரண்டு பேராக மூத்த வழக்கறிஞர்களிடம் கருத்து எழுதி வாங்குவார்கள். அந்தச் செலவில் என் போன்றவர்களுக்கும் பங்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எதுவும் ‘முதலீடு நின்றது’ என்று தலைப்புச் செய்தி ஆகாது. முதலீடு வந்தது, கூடுதல் விலையில் வந்தது. ஊரில் நாணயம் குறைந்த ஆளுக்குக் கடன் கிடைக்காமல் போவதில்லை, வட்டிதான் ஏறும். அதே கதைதான் இங்கேயும்.

அந்தக் கூடுதல் வட்டி இந்தியாவுக்கு மொத்தமாக எவ்வளவு ஆனது என்று கணக்குச் சொல்பவர்களைக் கண்டால் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். அன்னிய நேரடி முதலீடு 2011-12-ல் சுமார் 4,650 கோடி டாலர். 2012-13-ல் சுமார் 3,430 கோடி டாலராக இறங்கியது. பார்த்தீர்களா என்று இந்த எண்ணைக் காட்டுவார்கள். ஆனால் அதே 2012 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. ஐரோப்பா கடன் நெருக்கடியில் இருந்தது, நம் வளர்ச்சி விகிதமும் சரிந்துகொண்டிருந்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்தெடுக்க வழி இல்லை. 2015-16-ல் அதே முதலீடு சுமார் 5,550 கோடி டாலராக ஏறியது. முன்தேதி வரிச் சட்டம் அப்போதும் புத்தகத்தில்தான் இருந்தது. ஆகவே உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. மொத்த எண்களை மட்டும் பார்த்தால் நம்பிக்கையின் தடம் மங்கலாகவே தெரியும்.

தனி ஒரு கம்பெனியின் கதைக்குள் போனால்தான் அது துலங்குகிறது. நமக்குப் பக்கத்திலேயே நடந்தது நோக்கியா. 2005-ல் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி. உச்சக்கட்டத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த, பிளஸ் டூ முடித்த பெண்கள் நிறையப் பேர். சுற்றிலும் சார்ஜர் செய்யும் சால்காம்ப், பாகங்கள் சேர்க்கும் ஃபாக்ஸ்கான் என்று ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்தது.

2013-ன் தொடக்கத்தில் வருமான வரித்துறை சோதனை நடத்தி, 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. போனுக்குள் போகும் மென்பொருளுக்காகச் சென்னை ஆலை ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணம் ராயல்டி (அடுத்தவரின் உரிமையைப் பயன்படுத்தத் தரும் கட்டணம்), அதற்கு டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும் என்பது வாதம். கேட்டது 2006 முதலான ஆண்டுகளுக்கு. மென்பொருளுக்குத் தரும் பணம் ராயல்டிதானா என்பது அதுவரை நீதிமன்றங்களில் இழுபறியாக இருந்த விஷயம். 2012 நிதிச் சட்டம் வோடஃபோனுக்கு மட்டும் வைத்த வேட்டு இல்லை. மென்பொருள் உரிமமும் ராயல்டிதான் என்ற விளக்கத்தை 1976-லிருந்து அமலாகும்படி அதே சட்டம் சேர்த்தது. செய்தித்தாள்கள் இதை அவ்வளவாகப் பேசவில்லை. ஐடி கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இருந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், வோடஃபோன் திருத்தத்தைவிட இதைத்தான் அதிகம் திட்டுவார்கள்.

2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. வரித்துறை சென்னை ஆலையை முடக்கி வைத்திருந்தது. ஆலையை மாற்றிக்கொடுக்க வேண்டுமானால் தாய்க் கம்பெனி 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் நோக்கியாவுக்குத் தளர்வு கிடைக்கவில்லை. அதே மாதத்தில் மாநில வணிகவரித்துறை தன் பங்குக்கு 2,400 கோடி ரூபாய் நோட்டீஸ் அனுப்பியது. ஏற்றுமதி என்று சொன்ன போன்களை உள்நாட்டில் விற்றிருக்கிறாய் என்று குற்றச்சாட்டு. 2005-ல் ஒப்பந்தம் போட்டபோதும் 2014-ல் இந்த நோட்டீஸ் வந்தபோதும் முதல்வர் ஜெயலலிதாதான். ஆகவே ஆட்சி மாறியதால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் இது புதிதும் இல்லை. முதலீட்டை அழைத்து வரும் தொழில்துறை அதிகாரியும் வசூல் இலக்கோடு உட்கார்ந்திருக்கும் வரி அதிகாரியும் ஒரே அரசுதான் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் ஒருவர் கோப்பை மற்றவர் பார்ப்பதே இல்லை. வெளிநாட்டுக்காரன் கண்ணுக்கு மட்டும் இருவரும் சேர்ந்து ‘இந்தியா’ ஆகிவிடுகிறார்கள்.

2014 ஏப்ரல் 25-ல் விற்பனை முடிந்தது, சென்னை ஆலை இல்லாமல். சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்று, நவம்பர் 1 முதல் உற்பத்தி இல்லை. டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் அங்கே வேலையை நிறுத்தியது.

வரி வழக்குதான் நோக்கியாவைக் கொன்றது என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் வந்த பிறகு நோக்கியா உலகம் முழுக்கத் தேய்ந்துகொண்டிருந்தது. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஹங்கேரியின் கொமாரோம் ஆலையும் மூடப்பட்டது, அங்கே நம் வரித்துறை ஒன்றும் போகவில்லை. வழக்கே இல்லாவிட்டாலும் ஸ்ரீபெரும்புதூர் ஆலை தப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் வியட்நாம் ஆலை பிழைத்துக்கொண்டு போன் செய்தது. எந்த ஆலையை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று புதிய முதலாளி பட்டியல் போட்டபோது, சென்னை அந்தப் பட்டியலிலேயே இல்லை. போட்டியில் தோற்றிருந்தால் வேறு விஷயம், போட்டியில் நிற்கவே விடவில்லை. வழக்கின் உண்மையான சேதமாக எனக்குத் தெரிவது அதுதான்.

கடைசியில் கிடைத்தது என்ன? இந்தியாவும் ஃபின்லாந்தும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் வழியில் பேசி, 2018-ல் நோக்கியா 20.2 கோடி யூரோவில் கணக்கை முடித்தது. அரசுக்குப் பணம் வந்தது, உண்மை. 2021 மார்ச் 2-ல், மென்பொருள் இறக்குமதி குறித்த ஏராளமான வழக்குகளைச் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், அப்படித் தரும் பணம் இந்தியாவோடு வரி ஒப்பந்தம் உள்ள நாடுகளைப் பொறுத்தவரை ராயல்டி ஆகாது, அன்று சட்டத்தில் இல்லாத ஒன்றின்படி டிடிஎஸ் பிடி என்று யாரையும் கேட்க முடியாது என்று சொன்னது. போனுக்குள்ளேயே பதிந்து வரும் மென்பொருள் விவகாரமும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே வித்தியாசம் காட்டுவார். ஆனால் அடியில் இருந்த கேள்விக்கு விடை கிடைத்தபோது ஆலை மூடி ஆறு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான கெய்ர்னின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் தன் குழுமத்துக்குள்ளேயே செய்த பங்கு மாற்றத்துக்கு, 2012 சட்டத்தை வைத்து 10,247 கோடி ரூபாய் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்த பங்குகளை வரித்துறையே விற்று எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில், நாடுகளுக்கு இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் விசாரித்த சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் சுமார் 120 கோடி டாலரும் வட்டியும் கொடு என்றது. வோடஃபோனும் அதே ஆண்டு செப்டம்பரில் தன் வழக்கில் ஜெயித்திருந்தது. இந்தியா கொடுக்கவில்லை. 2021-ல் பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான கட்டடங்களை முடக்க ஃபிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது கெய்ர்ன். நியூயார்க்கில் ஏர் இந்தியா மீதும் வழக்குப் போட்டது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் முன்தேதி வரியைத் திரும்பப் பெற்றது. அந்த மசோதாவின் நோக்க அறிக்கையைப் படித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட திருத்தங்கள் முதலீட்டுக்கு ஏற்ற நாடு என்ற இந்தியாவின் நற்பெயரைக் கெடுப்பதாக ஒரு வாதம் இருக்கிறது என்று அரசே எழுதியிருக்கிறது. 17 வழக்குகளில் வரி கேட்டிருந்தார்கள். நான்கில் வசூலானது சுமார் 8,100 கோடி ரூபாய். வட்டியில்லாமல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், கெய்ர்னுக்கு மட்டும் சுமார் 7,900 கோடி. ஒன்பது வருடப் பேச்சுக்கும் ஏச்சுக்கும் பிறகு கையில் நின்றது ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

சரி, பிறகு ஐஃபோன் எப்படி வந்தது? நம் மீது நம்பிக்கை கூடியதும் ஒரு காரணம்தான். ஆனால் நற்பெயர் எப்போதும் பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிட்டுத்தான். 2018-க்குப் பிறகு அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டை போட்டன. 2022 இறுதியில் கோவிட் கட்டுப்பாடுகளால், ஐஃபோன் செய்யும் சீனாவின் செங்சோ ஃபாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளர்கள் வெளியேறினார்கள், கலவரமும் நடந்தது. எல்லா முட்டையையும் சீனாவிலேயே வைத்திருந்த ஆப்பிளுக்கு மாற்று இடம் தேவைப்பட்டது. 2020-ல் மத்திய அரசு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது: இவ்வளவு செய்தால் இவ்வளவு பணம், விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அதோடு நோக்கியா விட்டுப்போன தொழில் அறிவு ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. லைனில் நின்று பழகிய ஆட்கள், சூப்பர்வைசர்கள், சுங்க வேலை தெரிந்த ஏஜெண்டுகள் எல்லாம் ஊரிலேயே இருந்தார்கள். பூட்டிக்கிடந்த நோக்கியா ஆலையைப் பின்னர் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. இதில் எந்தக் காரணத்துக்கு எத்தனை சதவீதம் என்று சொல்ல நான் தயாரில்லை.

நம்பிக்கை என்றால் அரசு கம்பெனிகளை நம்பவைப்பது மட்டும் என்று பேசுவதும் எனக்கு ஒவ்வாது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, ஜனவரியில்தான் திறந்தார்கள். ஒரு வேளைச் சோறும் கழிப்பறையும் சரியாக இல்லாததால் உலகின் மிகப் பெரிய கம்பெனி ஒன்றின் சப்ளை நின்றது. தமிழக அரசு அதன் பிறகு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. மானிய விளம்பரங்களைவிட முதலீட்டாளர் குழுக்கள் அதிகம் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த விடுதியைப் பற்றித்தான் என்பது என் அனுபவம்.

அரசு ஒதுங்கி நின்றால் நம்பிக்கை தானாக வளரும் என்பதும் பாதி உண்மைதான். 2009 ஜனவரி 7-ல் ஐடி நிறுவனமான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 7,000 கோடிக்கு மேல் கணக்கில் பொய் எழுதியதாகக் கடிதம் எழுதினார். சில நாட்களில் மத்திய அரசு இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு, தீபக் பாரேக், கிரண் கார்னிக் போன்றவர்களை உட்கார வைத்தது. ஏப்ரலில் ஏலத்தில் டெக் மகிந்திரா அதை வாங்கியது. வாடிக்கையாளர்கள் சிலர் போனார்கள், ஆனால் கம்பெனி சிதறவில்லை. எங்கள் ஆடிட்டர் தொழிலின் பெயர்தான் அப்போது சந்தி சிரித்தது, அது தனிக் கதை. வேகமாகத் தலையிட்டு, முடிந்ததும் வெளியேறிய அரசை அன்று யாரும் குறை சொல்லவில்லை.

இனி எனக்கே தெளிவில்லாத இடம். 2021-ல் முன்தேதி வரியைக் கைவிட்டதால் பாடம் படித்தாயிற்றா? ஒரு பக்கம் ஆம். இன்னொரு பக்கம், 2015 டிசம்பரில் வந்த மாதிரி முதலீட்டு ஒப்பந்தத்தில் (மற்ற நாடுகளோடு போடும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கான வார்ப்பு) வரி விவகாரங்களையே நடுவர் தீர்ப்பாயத்துக்கு வெளியே வைத்தார்கள். மற்ற தகராறுகளுக்கும் இந்திய நீதிமன்றங்களில் ஐந்து வருடம் முயன்ற பிறகுதான் வெளியே போகலாம் என்றார்கள். பழைய ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றை இந்தியா முறித்துக்கொண்டது. முன்பே செய்த முதலீடுகளுக்குச் சில ஆண்டுகள் பாதுகாப்பு தொடரும், அவ்வளவுதான். அதாவது வோடஃபோனும் கெய்ர்னும் போன கதவு புதிதாக வருகிறவர்களுக்கு அநேகமாகச் சாத்தியிருக்கிறது. அரசின் பக்கமும் நியாயம் உண்டு: நம் சட்டத்தை நம் நீதிமன்றம் பார்க்கட்டும், எங்கோ உட்கார்ந்திருக்கும் மூன்று வழக்கறிஞர்கள் எதற்கு? ஆனால் வழக்கு முடிய இங்கே எத்தனை வருடம் ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். 2024-ல் அமலுக்கு வந்த ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தத்தில் அந்த ஐந்து வருடம் மூன்றாகக் குறைந்திருக்கிறது.

முதலீட்டாளர் மாநாடுகளில் அறிவிக்கும் லட்சம் கோடிகளை வைத்து நம்பிக்கையை அளக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரி சென்னை மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்றார்கள். அவை எண்ணத்தைத்தான் சொல்கின்றன, யாரும் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அளக்க வேண்டுமானால் நான் பார்ப்பது வேறு இரண்டை: இங்கே ஏற்கெனவே உள்ள கம்பெனி தன் லாபத்தை வெளியே எடுக்காமல் இரண்டாவது ஆலை கட்டுகிறதா, அடுத்தடுத்த நாடுகளோடு போடும் ஒப்பந்தங்களில் அந்த மூன்று வருடம் மேலும் குறைகிறதா, மறுபடியும் ஐந்துக்கு ஏறுகிறதா.